புலிவரிச் சீருடை

வியட்நாம் போர் என்றதும் நினைவுக்கு வரும் புலிவரிச் சீருடையை அமெரிக்க ராணுவம் தன் பொது உடையாக ஒருபோதும் ஏற்கவில்லை. பிரெஞ்சு வான்குடைப் படையினர் இந்தோசீனாவில் அணிந்த பல்லிவரித் துணியே அதன் முன்னோடி. பல்லிவரியில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். புலிவரியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். 1950களின் இறுதியில் தென்வியட்நாம் மரைன் படையிடம் நிலைபெற்ற இவ்வுடையை, 1960களில் அமெரிக்கச் சிறப்புப் படையினரும் அவர்கள் பயிற்றுவித்த மலைவாழ் மக்களின் படைகளும் உடுத்தினர். உள்ளூர்த் தையற்கடைகளில் தைத்தவை ஒருபுறம். ஒகினாவாவில் இருந்த அமெரிக்கக் கொள்முதல் அலுவலகம் ஆசிய நாடுகளில் தைக்கவைத்து அனுப்பியவை மறுபுறம். இப்படிச் சிதறிக் கிடந்த உற்பத்தியைப் பற்றி எழுத்துச் சான்று குறைவு. ஆகவே அதன் வரலாற்றைத் துணியிலிருந்தே மீட்க வேண்டியிருந்தது. மீட்டவர்களில் முதன்மையானவர்கள் சேகரிப்பாளர்கள்; அவர்களுடைய உழைப்பை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது பிழை.

அச்சிட்ட துணியில் ஒரே வடிவம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அந்த வரிசையைப் பிடித்துவிட்டால், சட்டை எந்த வகைத் துணியில் வெட்டப்பட்டது என்று சொல்லலாம். தேதி தெரிந்த போர்க்காலப் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, அவ்வகை எப்போது புழக்கத்தில் இருந்தது என்றும் காட்டலாம். கழுத்துப்பட்டிக்கு உள்ளே குத்திய அளவு முத்திரையும் பேசும்: சிற்றுடல் கொண்ட உள்ளூர் வீரர்களுக்கு ஆசிய அளவு, அமெரிக்கருக்குத் தனி அளவு. இவ்வகைப்பாட்டை ரிச்சர்ட் டெனிஸ் ஜான்சன் 1999இல் நூலாகத் தொகுத்தார்.

வகைப் பெயர்கள் பிற்காலத்தவர் சூட்டியவை என்பது ஒரு மறுப்பு. 1968இல் வந்த 'தி கிரீன் பெரேஸ்' படத்தில் ஜான் வெய்ன் அணிந்ததால் ஒரு வகைக்கு அவர் பெயரே நிலைத்தது உண்மைதான். ஆனால் பெயர் புதிது என்பதால் அச்சு பொய்யாகாது. யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம். வலுவான மறுப்பு வேறு: விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுகின்றன. புறஊதா விளக்கில் துணி ஒளிர்ந்தால் போலி என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். இன்றைய சோப்புத்தூளில் துவைத்த பழைய சட்டையும் ஒளிரும் என்பதால் அந்தச் சோதனை மட்டும் போதாது. அதைவிடப் பயனுள்ளது, தைத்திருக்கும் படைச்சின்னத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்ப்பது. போர்க்காலத்திலேயே தைத்து, வெயிலிலும் துவைப்பிலும் நெடுநாள் உழைத்த சட்டையானால் அடியில் துணி நிறம் மங்காமல் இருக்கும். விலையை உயர்த்த அண்மையில் ஒட்டவைத்ததானால், சுற்றிலும் உள்ளதைப் போலவே அடியிலும் வெளுத்திருக்கும்.