கண்ணாடிக் கூரைவிளக்கு

கண்ணாடிக் கூரைவிளக்கு என்பது வீட்டின் மேல்தளத்தில் ஒட்டியோ தொங்கவிட்டோ பொருத்தப்படும் விளக்கு. ஒளி தரும் பகுதியைக் கண்ணாடி மூடியிருக்கும், அல்லது அதைச் சுற்றிக் கண்ணாடித் துண்டுகள் தொங்கும். தளத்தோடு ஒட்டிய கிண்ண விளக்கு, கம்பியிலோ சங்கிலியிலோ தொங்கும் உருண்டையான குளோப், பல கிளைகளுள்ள சரவிளக்கு ஆகியவை இதன் முதன்மை வடிவங்கள். சரவிளக்கைப் பழைய வீடுகளில் லஸ்தர் என்பார்கள். தலைக்கு மேலே நெருப்பையும் பாரத்தையும் ஒருசேர நிறுத்துவது எப்படி என்பதுதான் இவ்விளக்கு செய்தவர்களின் நெடுநாள் சிக்கல். நெருப்பு இன்று ஏறக்குறைய விலகிவிட்டது. பாரம் அப்படியே இருக்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

இடைக்கால ஐரோப்பாவில் குறுக்காகப் பூட்டிய மரச்சட்டங்களில் மெழுகுவத்திகளைச் செருகி, கயிறும் கப்பியும் கொண்டு மேலே ஏற்றினார்கள். ஏற்றவும் அணைக்கவும் ஒவ்வொரு முறையும் கீழே இறக்க வேண்டும். ஒரு சுடரின் ஒளியைப் பலவாகக் காட்ட முதலில் இயற்கைப் படிகக்கல்லைப் பட்டை தீட்டித் தொங்கவிட்டார்கள். அதன் விலை அரசர்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது. அந்த இடத்தைக் கண்ணாடி பிடிக்கப் பல தலைமுறைகள் ஆயின.

வெனிஸ் குடியரசு தீவிபத்துக்கு அஞ்சி, நகரத்திலிருந்த கண்ணாடி உலைகளை 1291 இல் முரானோ தீவுக்கு மாற்றியது. முரானோக் கண்ணாடி மெல்லியது, சூட்டில் எளிதில் வளைவது. பட்டை தீட்டுவதற்கு அது ஏற்றதல்ல. அதனால் 18ஆம் நூற்றாண்டில் ஜுசெப்பே பிரியாட்டி முதலிய கைவினைஞர்கள் பூவும் இலையுமாக ஊதி வளைத்த சரவிளக்குகளைச் செய்தார்கள். பொஹிமியாவில் பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்த கெட்டியான கண்ணாடி உருவாயிற்று. அதைச் செதுக்க முடிந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674 இல் புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பட்டறையில் அடுத்த சில ஆண்டுகளில் ஈயம் சேர்த்த கண்ணாடி நிலைபெற்றது. ஈயக் கண்ணாடி ஒளியை அதிகமாக முறிக்கும், உளிக்கும் சக்கரத்துக்கும் நன்றாக இடம் கொடுக்கும், எடையும் கூடுதல். வெட்டுக்கண்ணாடிச் சரவிளக்கின் மினுக்கமும் பளுவும் இந்த ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

இந்தியாவுக்கு இவ்விளக்குகளைப் பெருமளவில் கொண்டுவந்தது 1807 இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட ஆஸ்லர் நிறுவனம். 1851 ஆம் ஆண்டின் லண்டன் பெருங்காட்சியில் 27 அடி உயரக் கண்ணாடி நீரூற்றை நிறுத்திப் புகழ்பெற்ற இந்நிறுவனம், அதற்கு முன்பே 1840களில் கல்கத்தாவில் கடை திறந்திருந்தது. சமஸ்தான அரண்மனைகள் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். 1874 இல் கட்டிமுடிக்கப்பட்ட குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் தொங்கும் இரு சரவிளக்குகளும் ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை டன் எடையுள்ளவை. அவற்றை மாட்டுமுன் கூரை தாங்குமா என்று பார்க்க யானைகளை மேலே ஏற்றி நடத்தினார்கள் என்பது அங்கு வழங்கும் செய்தி. தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகள் பர்மாத் தேக்கோடும் இத்தாலியப் பளிங்கோடும் ஐரோப்பியக் கண்ணாடி விளக்குகளையும் வரவழைத்தன. அங்கே அவை தேக்கு உத்திரங்களில் அடித்த இரும்புக் கொக்கிகளில் தொங்கின; விளக்கின் பாரம் நேராக உத்திரத்துக்குப் போனது.

1780களில் ஐமே ஆர்கான் எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றிக் கண்ணாடிக் குழல் வைத்தார். கண்ணாடி அலங்காரப் பொருளாக இருந்த நிலை மாறி, எரிதலுக்கே துணைபோகும் உறுப்பாயிற்று. பின்வந்த எரிவாயு விளக்கில், வாயுவைக் கொண்டுவந்த பித்தளைக் குழாயே விளக்கையும் தாங்கியது. ஆனால் சுடர் மேல்நோக்கியே எரியும். ஆகவே மூடியின் மேல்வாய் திறந்திருந்தாக வேண்டும், விளக்கின் நிழலும் நேர் கீழே விழும். 1879 ஐ ஒட்டி ஸ்வானும் எடிசனும் உருவாக்கிய மின்குமிழ் இந்தத் தடையை நீக்கியது. குமிழைத் தலைகீழாகத் தொங்கவிடலாம், மூடியைக் கீழ்நோக்கித் திருப்பலாம். கூரைவிளக்கின் வடிவத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. 1910 ஐ ஒட்டிப் பரவிய டங்ஸ்டன் இழைக் குமிழ் கண்ணைக் கூசச் செய்தது. கூச்சத்தை அடக்கப் பால்நிறக் கண்ணாடி பெருகியது. ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி 1925 இல் டெஸ்ஸா நகருக்கு வந்தபின் அதன் புதிய கட்டடத்துக்காக மரியானே பிராண்ட் வடிவமைத்த எளிய பால்நிற உருண்டைகளின் சாயலை இன்றைய குளோப்களிலும் காணலாம்.

தேர்வு

முதலில் பார்க்க வேண்டியது எடை. சாதாரணக் கண்ணாடி தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனமானது. 30 செ.மீ. விட்டமும் 4 மி.மீ. கனமும் உள்ள ஒரு குளோப் மட்டுமே ஏறக்குறைய 2.8 கிலோ இருக்கும். அதே அளவு அக்ரிலிக் 1.3 கிலோதான். விற்பவர் சொல்லும் எடையில் உலோகத் தட்டும் சங்கிலியும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு ஏற்றது பால்நிறக் கண்ணாடி. இரண்டு தெளிந்த படலங்களுக்கு நடுவே பால்நிறப் படலம் வைத்து ஊதிய மூவடுக்குக் கண்ணாடியில் ஒளி எங்கும் ஒரே சீராகப் பரவும், குமிழின் உருவம் தெரியாது. தெளிந்த கண்ணாடியில் தூசியும் தெரியும், குமிழும் கூசும். மேல்நோக்கிய கிண்ண வடிவத்தைத் தமிழ்நாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டும். மழை பெய்த மாலையில் ஈசல் கிண்ணத்தில் விழுந்து மடியும். ஒரு பருவத்திலேயே அடியில் கரிய வட்டம் படிந்துவிடும். வாய்மூடிய குளோப்பில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் உள்ளே காற்று ஓடாததால் எல்.இ.டி. குமிழின் மின்சுற்று சூடேறி ஆயுள் குறையும். மூடிய விளக்கில் பயன்படுத்தலாம் என்று உறையில் குறித்திருக்கும் குமிழையே இதற்கு வாங்க வேண்டும். ஹோல்டரில் எழுதியிருக்கும் வாட் அளவை மீறக் கூடாது.

ஒளியின் நிறம் வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின், சமையலறைக்கு 4000 கெல்வின். தெருக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 6500 கெல்வின் நீலவெண்மை உறங்கும் அறைக்கு ஆகாது. குளியலறைக்கு ஐபி 44 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்க்காப்புத் தரம் வேண்டும். நடக்கும் இடத்தில் விளக்கின் அடி தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே இறங்கக் கூடாது. சாப்பாட்டு மேசை மேல் மட்டும் பலகையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் தொங்கவிடலாம். மின்விசிறி இறக்கைகளுக்கு மேலே விளக்கு அமைந்தால் விசிறி ஓடும்போதெல்லாம் அறை முழுதும் ஒளி வெட்டி வெட்டித் தெரியும்.

பொருத்துதல்

கான்கிரீட் தளத்தில், வார்க்கும்போதே முறுக்குக் கம்பியோடு கட்டிவிட்ட விசிறிக் கொக்கிதான் கனமான விளக்குக்குப் பாதுகாப்பான இடம். அது இல்லாதபோது விரிந்து இறுகும் உலோக ஆங்கர் போல்ட் போட வேண்டும். பிளாஸ்டிக் ரால்பிளக் சிறிய கிண்ண விளக்குக்கு மட்டும் போதும். ஜிப்சம் பலகையில் அமைந்த ஃபால்ஸ் சீலிங் எந்தப் பாரத்தையும் தாங்காது. பலகையைத் துளைத்து மேலுள்ள தளத்திலிருந்தே கம்பி இறக்க வேண்டும். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் உள்ள பழைய வீட்டில் செங்கல் வரிசையில் திருகாணி நிற்காது, தேக்குக் கட்டையில்தான் பிடிக்கும். தொங்கு விளக்கின் எடையைச் சங்கிலி ஏற்க வேண்டும். ஒயர் சற்றுத் தளர்ந்தே இருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் சுவிட்சை அணைத்தால் போதாது. எம்.சி.பி.யை இறக்கிய பிறகும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்குச் சுற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டரையும் தனியே நிறுத்தி, டெஸ்டரால் ஒவ்வொரு ஒயரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்சு நியூட்ரலில் இணைக்கப்பட்டிருப்பதுண்டு. அங்கே அணைத்த விளக்கிலும் ஃபேஸ் இருக்கும். மரை உள்ள ஹோல்டரில் ஃபேஸ் நடுமுனைக்கும், நியூட்ரல் மரைக்கும் போக வேண்டும். உலோக உடல் உள்ள விளக்குக்குப் பச்சை எர்த் ஒயர் கட்டாயம். சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட இரட்டைக் காப்பு விளக்குக்கு மட்டும் அது தேவையில்லை. 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்க வேண்டும்.

கண்ணாடி கடைசியாகத்தான் ஏற வேண்டும். குளோப்பின் கழுத்தை மூன்று சிறு திருகாணிகள் பிடிக்கும். மூன்றையும் சுற்றுமுறையில் சிறிது சிறிதாக, விரலால் மட்டும் முறுக்கி, கண்ணாடியைத் தொட்டதும் ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். விளிம்பின் அடியில் திருகாணி நிற்பதால் குளோப் நழுவாது. இறுக்கிவிட்டால் சூட்டில் விரிய இடமின்றிக் கழுத்தில் கீறல் விழும். கீறல் பல மாதம் கண்ணுக்குத் தெரியாமலிருந்து, துடைக்கக் கை வைக்கும் நாளில் பிளக்கும். ஏணியைப் பிடிக்க ஒருவரும் கண்ணாடியை எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

இன்றைய நிலை

எல்.இ.டி. வந்தபின் மெல்லிய அக்ரிலிக் பேனல்கள் கண்ணாடியின் இடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டன. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் வளையலோடு விளக்குக் கண்ணாடியும் இன்றும் ஊதப்படுகிறது. தாஜ்மகாலைக் காக்க உச்ச நீதிமன்றம் 1996 இல் இட்ட ஆணைக்குப் பின் அங்குள்ள உலைகள் நிலக்கரியிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறின.