போர்ஷே 911 எஸ்சி: ஹெட் ஸ்டட் அரிப்பு

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1978 முதல் 1983 வரை தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார் 911 எஸ்சி. காற்றால் குளிரும் இதன் 3 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் ஹெட்டையும் ஸ்டட்கள் எனப்படும் நான்கு நீண்ட மரைக்கம்பிகள் இறுக்கிப் பிடிக்கின்றன, மொத்தம் 24. புகைபோக்கிப் பக்கம், அதாவது அடிவரிசையில் உள்ள 12 ஸ்டட்கள் டிலவார் என்ற உலோகக் கலவையால் ஆனவை.

சூட்டில் எஞ்சினின் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். அதற்கு ஈடாக விரியும் என்பதால்தான் டிலவார் தேர்ந்தெடுக்கப்பட்டது. யோசனை நல்லதே. ஆனால் சாலை ஈரமும் குளிர்நாடுகளில் தூவும் உப்பும் முதலில் தாக்குவது அடிவரிசையைத்தான். மேற்பரப்பு குழிகுழியாக அரித்து, விரிசல் ஓடி, வண்டி சும்மா நிற்கும்போதுகூட ஸ்டட் முறிந்துவிடும்.

ஓட்டுபவருக்கு இது உடனே தெரிவதில்லை. டேப்பட் சரிசெய்யக் கீழ் வால்வு மூடியைக் கழற்றும்போது, கழன்ற நட் உள்ளே கிடப்பதே பெரும்பாலும் முதல் சாட்சி. சில வண்டிகளில் ஹெட்டருகே 'புஸ் புஸ்' என்று வாயு கசியும்.

பழுது பார்க்க எஞ்சினை இறக்கி, ஹெட்களைப் பிரிக்க வேண்டும். கிரேங்க் கேஸில் எஞ்சிய துண்டு மரைப்பசையில் இறுகியிருக்கும். சுற்றிலும் சூடேற்றிய பிறகே திருக வேண்டும். குளிர்ந்த நிலையில் முரட்டுத்தனம் காட்டினால் அலுமினிய மரையும் பிய்ந்து, மரைச்செருகி பொருத்தும் வேலை கூடிவிடும்.

ஒரு ஸ்டட் முறிந்தாலும் அடிவரிசை முழுவதையும் மாற்றுவதே முறை. மற்ற பதினொன்றும் அதே ஈரத்தில் கிடந்தவை.