தொழுவமும் மருத்துவமனையும்: மருந்தெதிர்ப்பு பரவிய வரலாறு

மனிதனின் நோய் தீர்க்கவெனக் கண்டறியப்பட்ட மருந்து, கோழிக்கும் பன்றிக்கும் அன்றாடத் தீனியாக மாறியமை இருபதாம் நூற்றாண்டு அறிவியல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்கொல்லியின் உற்பத்தியில் எஞ்சும் பொருளைத் தீனியிற் கலந்தால் குஞ்சுகள் விரைந்து வளரும் என்பதை, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டொக்ஸ்டாட், யூக்ஸ் ஆகிய இருவரும் 1950 இல் வெளிப்படுத்தினர். இதற்கு மிகச் சிறிய அளவு மருந்தே போதுமானதாயிருந்தது. தீங்கும் அச்சிறுமையிலேயே ஒளிந்திருந்தது. சிற்றளவு மருந்து பற்றீரியாக்களை முற்றாக அழிப்பதில்லை. நலிந்தவற்றை நீக்கி, மருந்தைத் தாங்கவல்லவற்றைப் பெருகச் செய்கின்றது.

எதிர்ப்பாற்றல் தாய்க்கலத்திலிருந்து சேய்க்கலத்திற்கு மட்டுமே செல்லும் என அக்காலத்திற் பெரிதும் கருதப்பட்டது. யப்பானிய அறிஞர் அக்கிபா, ஒச்சியாய் ஆகியோரின் ஆய்வுகள் 1959 இல் இக்கருத்தைத் தகர்த்தன. பல மருந்துகளுக்கு எதிரான ஆற்றல், குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியத்திலிருந்து வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாவுக்கு நேரடியாகவே கடத்தப்பட்டது. எதிர்ப்புப் பரம்பரையலகுகளைச் சுமந்து செல்வன பிளாசுமிட்டு எனப்படும் வளைய வடிவ டீ.என்.ஏ. துணுக்குகளே எனப் பின்னர் தெளிவாயிற்று. எனவே பரவுவது கிருமி மட்டுமன்று. கிருமிக்குக் கிருமி தாவும் பரம்பரையலகுமாகும்.

இவ்வுண்மை பண்ணைக்கும் பொருந்தும் என்பதைப் பிரித்தானியாவின் அண்டர்சன் எடுத்துக்காட்டினார். 1960களின் நடுப்பகுதியிற் கன்றுகளிடையே பரவிய சல்மொனெல்லா வகையொன்று, பல மருந்துகளுக்கும் அடங்காததாய் மனிதரையும் பீடித்தது. 1968 இல் அமைக்கப்பட்ட சுவான் குழு அடுத்த ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. மனித மருத்துவத்திற்கு இன்றியமையாத பெனிசிலின், தெற்றாசைக்கிளின் போன்றவற்றை வளர்ச்சியூக்கிகளாகத் தீனியிற் கலத்தலாகாது என்பது அதன் பரிந்துரை. மருத்துவத்திற் பயன்படாதவை தொடர்ந்து அனுமதிக்கப்பட்டன.

அறிவுடைமை மிக்கதாகத் தோன்றிய இப்பிரிவினையே பின்னர் தோல்வி கண்டது. மனிதருக்கு வழங்கப்படாத அவோபார்சின் ஐரோப்பியத் தீனியில் இடம்பெற்றது. ஆயின் அது, மருத்துவமனைகள் பெரிதும் நம்பிய வான்கோமைசினின் வேதியியல் உறவு. ஒன்றை எதிர்க்கும் பரம்பரையலகு மற்றதையும் எதிர்த்தது. டென்மார்க் 1995 இலும் ஐரோப்பிய ஒன்றியம் 1997 இலும் அவோபார்சினைத் தடைசெய்தன. தடைக்குப்பின் டென்மார்க்கின் கோழிகளில் எதிர்ப்புக் குறைந்தது, பன்றிகளிலோ நிலைத்தது. காரணம், டைலோசின் போன்ற மருந்துகளை எதிர்க்கும் பரம்பரையலகும் அதே பிளாசுமிட்டில் அமைந்திருந்தமையே. டைலோசின் பயன்பாடு குறைந்த பின்னரே பன்றிகளிலும் எதிர்ப்புத் தணிந்தது.

கொலிஸ்டினின் கதை இன்னும் கடுமையானது. சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைப்பதென மருத்துவர் பெரும்பாலும் கைவிட்ட அம்மருந்து, கால்நடைகளுக்குத் தாராளமாக வழங்கப்பட்டது. ஏனைய மருந்துகள் பயனற்றபோது மருத்துவர் மீண்டும் அதனையே இறுதிப் புகலிடமாக நாடினர். 2015 இல் சீன ஆய்வாளர், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சீ.ஆர்.-1 என்னும் பரம்பரையலகு பிளாசுமிட்டில் அமைந்திருப்பதைப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிடத்தும் கண்டனர். 2017 இற் சீனா அதனைத் தீனியிலிருந்து விலக்கியது; பின்வந்த ஆய்வுகளில் அப்பரம்பரையலகின் பரவல் குறைந்திருந்தது.

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. பண்ணை மருந்து, மனித மருந்து என மனிதன் வகுத்த எல்லையைப் பற்றீரியா அறியாது. விலக்கிய மருந்து பயன் தருவது உண்மையே. எனினும், பிளாசுமிட்டில் உடனுறையும் பரம்பரையலகுகளைக் கருதாது ஒரு மருந்தை மட்டும் விலக்குதல் போதாது. 1959 இற் கிடைத்த அறிவு ஐரோப்பிய ஒன்றியத்தின் தீனியிலிருந்து வளர்ச்சியூக்கி நுண்ணுயிர்கொல்லிகளை முற்றாக நீக்க 2006 வரை செல்லவேண்டியிருந்தது. அறிதலுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட அந்த நாற்பத்தேழு ஆண்டுகளிற் பரம்பரையலகுகள் காத்திருக்கவில்லை.