வன்னியிற் கள்ளறிவு: கையும் நாவும் ஏடும்

கள்ளைப் பற்றி நம்மிடையே எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று அறநூல் வழிவந்த கண்டனம். மற்றையது அரசிறைக் கணக்கு. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் முதல் 1904, 1912 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் வரை முன்னையது நீள்கிறது. பின்னையது பிரித்தானிய ஆட்சியின் அறிக்கைகளிலும் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்திலும் முழு வடிவம் பெறுகிறது. கள் நல்லதா தீயதா என்று முதல்வகை கேட்டது. கள்ளால் வரும் வருமானம் எவ்வளவு என்று இரண்டாம் வகை கேட்டது. கள்ளைப் பற்றிய அறிவு யாரால், எவ்வாறு உருவாக்கப்பட்டது என்ற வினா இவ்விரண்டிற்கும் வெளியே நின்றுவிட்டது. வன்னிப் பெருநிலப்பரப்பை மையமாகக் கொண்டு அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் பொருத்தத்தை உணர்வதற்கு மேனாட்டு நிலைமையுடன் ஒப்பிடுதல் பயன்தரும். பெருந்தொழிற்சாலைகளின் ஒரே சுவையான பியருக்கு எதிராக, மரபுவழிப் பியரைக் காக்கும் நுகர்வோர் இயக்கமொன்று பிரித்தானியாவில் 1971 இல் தோன்றியது. 1977 இல் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் உலகப் பியர்களை வகைப்படுத்தி நூல் வெளியிட்டார். 1985 இல் அமெரிக்காவிற் சுவை நடுவர்களுக்கான தேர்வுமுறை ஏற்பட்டது. சுவைஞர் கூடிக் குடித்து, குறிப்பெழுதி, சொற்களை வரையறுத்து, தாமே வீட்டில் வடித்துப் பார்த்து ஓர் அறிவுத்துறையை அமைத்துக் கொண்டனர். அவ்வறிவு ஏட்டில் ஏறியதனால் அதற்கு மதிப்பும் கிடைத்தது. நமது மண்ணிலும் அத்தகைய அறிவு இருந்தது. ஆனால் அது ஏட்டில் ஏறவில்லை. ஏறாமைக்குக் காரணம் அறிவின் குறைபாடன்று, அறிவுடையோரின் சமூக நிலையே என்பது நமது கருத்தாகும்.

பழந்தமிழ்ச் சொல்வளம் இதற்கு முதற் சான்று. கள், நறவு, தேறல், பிழி, தோப்பி எனச் சங்க இலக்கியம் வழங்கும் பெயர்கள் யாவும் ஒரே பொருளின் வெற்று மாற்றுச் சொற்கள் அல்ல. தேறல் தெளிவைச் சுட்டுவது. தோப்பி நெல்லினின்று இல்லத்திற் சமைக்கப்பட்டது. பெயர் வேறுபடும் இடத்தில், வேறுபாட்டை அறிந்த நாவும் அதனை உண்டாக்கிய கையும் இருந்திருத்தல் வேண்டும்.

1. கையறிவு

வன்னியின் நிலவியல்பு ஒருமைப்பாடுடையதன்று. பூநகரி, பச்சிலைப்பள்ளி, கண்டாவளை, முல்லைத்தீவுக் கரையோரம் ஆகிய மணற்பாங்கான பகுதிகளிற் பனை செறிந்துள்ளது. பளைப் பகுதியிற் தென்னையும் உண்டு. உள்ளே வவுனியா நோக்கிச் செல்லச் செல்லக் குளமும் வயலும் காடும் மிகுந்து பனை அருகுகிறது. கள்ளோ தொலைவு செல்லாத பானம். காலையில் இனித்தது மாலையிற் புளித்துவிடும். ஆகவே கள்ளறிவு பனை நின்ற இடத்திலேயே வேர்கொண்டது. வயற் பகுதிகளுக்கு அது தொழில் தேடிப் பெயர்ந்தோருடனும், 1930களின் பின் கிளிநொச்சிப் பகுதியில் உருவான குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோருடனுமே சென்றது.

சீவற்றொழிலாளியின் அறிவு மரத்தைத் தெரிவதில் தொடங்குகிறது. ஆண்பனை, பெண்பனை இரண்டும் கள் தருவன. ஆயின் இரண்டின் பாளைகளும் வெவ்வேறு பக்குவத்தை வேண்டுவன. பாளையைக் கட்டி, பொல்லாற் தட்டி, நாள்தோறும் நுனியை மெல்லிதாகச் சீவிவரச் சாறு ஊறத் தொடங்கும். தட்டு மிகுந்தாற் பாளை சிதையும். குறைந்தாற் சாறு இறங்காது. சீவு தடித்தாற் பாளை விரைவில் முடிந்துவிடும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு தடிப்பு என்பவற்றை எந்நூலும் கூறவில்லை. தந்தையின் அல்லது மாமனின் கையைப் பார்த்து, தளநாரைக் காலிற் பூட்டி மரமேறிப் பழகிய இளைஞனின் கையே அதனை அறியும்.

முட்டியைப் பேணுவதும் இவ்வறிவின் பகுதியாகும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினாற் சாறு புளியாது கருப்பநீராக நிற்கும். அதுவே பனங்கட்டிக்கு மூலப்பொருள். சுண்ணாம்பு இல்லையேற் சாறு முட்டியிலேயே கள்ளாக மாறத் தொடங்கும். முன்னைய கள்ளின் மண்டி ஒட்டிய முட்டி நொதிப்பை விரைவாக்கும். கழுவிக் காயவைத்த முட்டி அதனைத் தாமதிக்கச் செய்யும். தொழிலாளி இதனை அறிந்து, வேண்டியவாறு கையாண்டான். பியரின் நொதிப்புப் பற்றிப் பாஸ்டர் தமது நூலை வெளியிட்டது 1876 இல். கோப்பன்கேகனில் ஹான்சன் தூய மதுவத்தைப் பிரித்து வளர்த்தது 1883 இல். மதுவம் என்ற உயிரியைக் காணாமலே அதனை ஆளும் முறையை நமது தொழிலாளர் கைக்கொண்டிருந்தனர்.

2. நாவறிவு

குடிப்போனின் அறிவு வேறு வகையில் உருவாகியது. அதன் பள்ளி கள்ளுக்கொட்டில். பனையோலையிற் கோலிய பிளாவில் வார்த்த கள்ளின் நுரையைப் பார்த்தும், மணத்தை முகர்ந்தும், முதல் வாயிலேயே இது உடன்கள்ளா, நேரஞ்சென்றதா, தென்னங்கள் கலந்ததா, நீர் விட்டதா, மழைநீர் இறங்கியதா என்று கூறுவோர் ஊர்தோறும் இருந்தனர். இவர்கள் தனித்துக் கற்றவரல்லர். ஒருவர் கூறியதை மற்றவர் மறுத்து, சீவியவனையே நடுவனாக்கித் தீர்த்துக் கொண்டனர். இன்ன வளவின் இன்ன மரத்துக் கள் இன்ன மாதத்திற் சிறக்கும் என்ற நினைவு இவ்வாறே ஊரின் பொதுச் சொத்தாயிற்று. மேனாட்டுச் சுவைஞர் குறிப்பேட்டிற் செய்ததை இவர்கள் வாய்ப்பேச்சிற் செய்தனர். சில நாட்டார் தெய்வங்களின் மடைகளிற் கள்ளும் வைக்கப்பட்டமை அந்நினைவிற்கு ஒரு சடங்குநிலையையும் வழங்கியது.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். நாவறிவு கையறிவில் தங்கியிருந்தது. ஆனால் நாவுடையோர் பலர் கையுடையோரைத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கினர். 1707 இல் ஒல்லாந்தராற் தொகுக்கப்பட்ட தேசவழமை, நளவரையும் பள்ளரையும் அடிமைச் சாதிகளுள் வைத்துக் கூறுகிறது. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும் ஒடுக்குமுறை ஒழியவில்லை. சீவுவோனிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்த உயர்சாதியினர் அவன் இறக்கிய கள்ளை மறுக்கவில்லை. ஒருமுறை பருகி எறியும் பிளா இம்முரண்பாட்டிற்கு வசதியான தீர்வாகவும் அமைந்தது எனக் கருதலாம். பாத்திரம் எஞ்சாதவிடத்துத் தீட்டுப் பற்றிய வினாவும் எழவில்லை. கள்ளை நன்கறிந்தவன் என்ற பெயரைக் குடித்தவன் பெற்றான். அவனுக்கு அதைக் கற்பித்தவன் சாதிப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டான்.

3. ஏட்டறிவு

மூன்றாவது அறிவு அரசினுடையது. உரிமப்பத்திரம், தவறணை, ஏலம், குத்தகை ஆகியன அதன் கருவிகள். இவ்வேற்பாடு வருமானத்தை ஒழுங்குபடுத்தியதாயினும் அறிவுக்கு ஊறு விளைத்தது. தொழிலாளிக்கும் குடிப்போனுக்கும் இடையிற் குத்தகைக்காரன் புகுந்தான். பலர் இறக்கிய கள் ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்டபோது மரமும் கையும் அடையாளமிழந்தன. சிறந்த சீவலுக்குத் தனி விலை இல்லையாகவே, சிறப்பைத் தேடும் தூண்டுதலும் குன்றியது. நீரையும் இனிப்பையும் கலக்கும் கபடத்திற்கு இந்நிலைமையே வழி திறந்தது. அறிவு பொருளிலிருந்து பிரிக்கப்பட்டால் பொருள் தரங்குறையும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

1972 இன் பின் சீவற்றொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை இவ்வகையில் ஒரு திருப்பம். இடைத்தரகரின் பிடி தளர்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமது உற்பத்திப் பொருளின் விற்பனையில் முதன்முறையாக அமைப்புரீதியான குரலைப் பெற்றனர். 1978 இற் பனை அபிவிருத்திச் சபை செயற்படத் தொடங்கியது. 1980களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர் பனங்கள்ளின் நுண்ணுயிர்களை ஆராய்ந்தனர். புதுச்சாற்றிற் பத்து விழுக்காட்டிற்கு மேற்பட்டுள்ள சுக்குரோசு மதுவங்களால் அற்ககோலாவதும், உடன் வாழும் பற்றீரியாக்கள் புளிப்பைத் தருவதும், நேரஞ்செல்ல அசற்றிக்கமிலம் மிகுந்து கள் காடியாவதும் இன்று தெளிவு. கொட்டிலில் ‘நேரஞ்சென்றது’ என்ற ஒரு சொல்லாற் குறிக்கப்பட்ட மாற்றத்தையே ஆய்வுகூடம் இவ்வாறு விரித்துரைக்கிறது. இரண்டும் பகையல்ல. ஆனால் ஒன்று மேற்கோள் காட்டப்படுகிறது, மற்றையது காட்டப்படுவதில்லை.

4. இன்றைய நிலை

போர் இவ்வறிவின் மூன்று தளங்களையும் தாக்கியது. எறிகணைகளாற் பனைகள் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாக எண்ணற்ற மரங்கள் தறிக்கப்பட்டன. மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து 2009 இற் பேரழிவைக் கண்ட மக்களிடம், இன்ன வளவின் இன்ன மரம் என்ற நினைவு நிலைத்திருக்க இயலாது. பனை முதிர்ந்து பாளைவிடப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே அழிந்த மரத்தை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டும்; அதற்குள் ஏறத்தெரிந்த தலைமுறை மறைந்துவிடலாம்.

தொழிலாளரின் பிள்ளைகள் இத்தொழிலை விட்டு விலகுவதைக் கண்டு வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. உயிராபத்து, குறைந்த ஊதியம், சாதி இழிவு ஆகிய மூன்றும் சுமத்தப்பட்ட தொழிலைப் பிறர் சுவைக்காக ஒருவன் தொடரவேண்டும் எனக் கோருவது மற்றொரு வகை அடிமைத்தனமே. ஆயின் தொழிலை விடுவதோடு அறிவும் அழியவேண்டும் என்ற நியதியில்லை. தமிழ்நாட்டில் 1987 முதற் கள் தடைசெய்யப்பட்டுள்ளமையால் அங்கே இவ்வறிவு ஒளிந்து வாழவேண்டியதாயிற்று. இலங்கையிற் கள் சட்டத்திற்குட்பட்ட பொருளாகவும், கூட்டுறவின் வழி விற்கப்படும் பொருளாகவும் இருப்பது நமக்குள்ள வாய்ப்பு.

இவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பூநகரியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் மரமேறும் முதியோரின் கலைச்சொற்கள், கருவிகள், பருவக் கணிப்புகள், சுவைப்பெயர்கள் ஆகியன தொகுக்கப்படல் வேண்டும். தொகுப்பிற் சொன்னவர் விரும்பின் அவர் பெயரும் இடம்பெறல் வேண்டும். அவர் தகவல் வழங்குநராக அன்றி ஆசிரியராகவே கருதப்படல் வேண்டும். சிறந்த கள்ளுக்குச் சீவியவனின் அடையாளத்துடன் கூடிய தனி விலையைக் கூட்டுறவுகள் வழங்குமாயின், நாவறிவு மீண்டும் கையறிவைத் தேடிச் செல்லும்.

பொருளை ஆக்குவோனே அதன் முதல் அறிஞன். இவ்வுண்மையை ஏற்காத சமூகம் போத்தலிலடைத்த கள்ளைப் பெறலாம்; கள்ளறிவைப் பெறாது. சாதியொழிப்பையும் அறிவுப் பாதுகாப்பையும் இரு வேறு பணிகளாகக் காண்பதை நாம் கைவிட வேண்டும். வன்னியின் வரலாற்றில் அவை ஒன்றே.