வால் ஸ்ட்ரீட்டில் வெடித்த குதிரை வண்டி

பி.காம். படிக்கும் எங்களுக்கு வால் ஸ்ட்ரீட் என்றால் பங்குச் சந்தைதான். அங்கே 1920-ல் ஒரு குண்டு வெடித்தது எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

நம்மூரில் 'அராஜகம்' என்றால் அடாவடி. அரசியலில் அனார்க்கிசம் என்பது அரசே வேண்டாம் என்கிற கொள்கை. அதிலும் பல பிரிவுகள். சிலர் தொழிற்சங்கம் கட்டிப் போராடினார்கள். சிலரோ சங்கமும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், ஒருவரையொருவர் நம்பும் நாலைந்து பேர் நேரடியாகத் தாக்கினால் போதும் என்றார்கள். இந்த இரண்டாவது பிரிவுக்கு அமெரிக்காவில் பெரிய குரல், இத்தாலியரான லூயிஜி கலேயானி. 1903-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பாரே என்ற ஊரில் பத்திரிகை தொடங்கினார். இத்தாலியக் கல்தச்சர்கள் நிறைந்த ஊர். 1918-ல் அரசு பத்திரிகையை முடக்கியது, 1919 ஜூனில் அவரை நாடு கடத்தியது.

அதற்குள் அவருடைய ஆதரவாளர்கள் குண்டுகளைக் கையில் எடுத்திருந்தார்கள். 1919 ஏப்ரலில் அரசியல்வாதிகள், முதலாளிகள் என்று சுமார் 30 பேருக்குத் தபாலில் குண்டு அனுப்பினார்கள். 16 பார்சல்கள் நியூயார்க் தபால் நிலையத்திலேயே தங்கிவிட்டன. காரணம், ஸ்டாம்ப் போதவில்லை! சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் ஜார்ஜியாவில் ஒரு முன்னாள் செனட்டர் வீட்டுக்குப் போன பார்சலைப் பிரித்தது வேலைக்காரப் பெண். அவருடைய கைகள் போயின.

அரசு சும்மா இருக்குமா? 1919 நவம்பர் முதல் 1920 ஜனவரி வரை ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு போனது. பலருக்கு வாரண்ட் கூடக் கிடையாது.

1920 செப்டம்பர் 16. மதியம் 12 மணி தாண்டியதும் மோர்கன் வங்கி எதிரே நின்ற குதிரை வண்டி வெடித்தது. 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் தெருவுக்கு வந்த குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டுகள், தகவல் கொண்டு ஓடும் பையன்கள். நாளைக்கு நானும் என் வகுப்பு நண்பர்களும் பார்க்கப்போகிற வேலைகள்! முதலாளி மோர்கன் அன்று அமெரிக்காவிலேயே இல்லை. பங்குச் சந்தை மறுநாளே திறந்துவிட்டது.

கலேயானியின் ஆளான மாரியோ பூடாதான் செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வழக்கு யார் மீதும் வரவில்லை. பட்டியலும் தலைமையும் இல்லாத குழுவைப் போலீஸ் எங்கே போய்ப் பிடிக்கும்? 'அந்தத் தெருவில் வேண்டாம், நம்மைப் போன்றவர்கள்தான் சாவார்கள்' என்று சொல்லித் தடுக்கவும் அதில் ஆளில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வங்கிக் கட்டடத்தின் சுவரில் குண்டுச் சிதறல் பட்ட பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. மோர்கன் வங்கி அவற்றைப் பூசி மறைக்கவில்லை.