கோபே நகரம் கற்பிக்கும் பாடம்



ஜப்பானின் கோபே நகரை 1995 ஜனவரி 17 அன்று, வைகறை 5.46 மணிக்கு, பெரும் பூகம்பம் உலுக்கியது. கனத்த ஓட்டுக்கூரைகளைச் சுமந்த பழைய மரவீடுகள் நொறுங்கின. பின்னர் தீயும் பரவிற்று. 6,434 பேர் மாண்டனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகலிடங்களில் தஞ்சமடைந்தனர்.

இடிபாடுகளில் சிக்கியோரில் பெரும்பாலோரை உயிருடன் மீட்டவர்கள் அரசுப் படையினர் அல்லர். அண்டை வீட்டாரே ஆவர். அடுத்த ஓராண்டுக்குள் சுமார் 13 இலட்சம் தொண்டர்கள் அங்கு வந்து பணியாற்றினர். அவர்களுள் பலர் முன்னனுபவம் சிறிதுமில்லாத இளைஞர்கள். எனவேதான் ஜப்பானியர் அவ்வாண்டைத் 'தொண்டின் முதலாம் ஆண்டு' என அழைக்கின்றனர்.

இந்திய வணிகர் உள்ளிட்ட முஸ்லிம்களின் நன்கொடையால் 1935-இல் எழுந்த கோபே பள்ளிவாசல், 1945-ஆம் ஆண்டின் குண்டுவீச்சையும் இப்பூகம்பத்தையும் தாங்கி நின்றது. ஆயினும் கட்டடம் நிலைத்தால் மட்டும் ஊர் நிலைத்துவிடுமா?

வீடிழந்தோருக்காக ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகள் அமைக்கப்பட்டன. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் அவற்றை வழங்கினர். நல்லெண்ணத்துடன் செய்த ஏற்பாடுதான். ஆனால், ஒரே தெருவில் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினர். அவ்வீடுகளில் 200-க்கும் மேற்பட்டோர் எவரும் அறியாமல் தனிமையில் இறந்தனர். தலைக்கு மேல் கூரை இருந்தது. கதவைத் தட்டி நலம் கேட்கத்தான் ஆளில்லை!

இதனையுணர்ந்த தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்தனர். தேநீர் அருந்தும் சிறு கூட்டங்களைக் கூட்டி, அயலாராயிருந்தோரை அறிமுகப்படுத்தினர். தொண்டு அமைப்புகள் எளிதில் சட்டத் தகுதி பெற 1998-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. 2004 அக்டோபரில் நீகாட்டா மாகாணத்தின் யமகோஷி கிராமம் பூகம்பத்தால் சிதைந்தபோது, அம்மக்கள் குக்கிராமம் குக்கிராமமாகவே ஒன்றாகக் குடியமர்த்தப்பட்டனர். கோபே பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் அங்கே பயன் தந்தது.

அன்பர்களே! பேரிடர் நேர்ந்தால் அரிசியும் ஆடையும் சுமந்து முதல் ஆளாய் ஓடுகிறோம், அது நற்செயலே. ஆனால், கூட்டம் கலைந்த பின்பும் கதவைத் தட்டுபவரே தொண்டை நிறைவு செய்கிறார். நம் மஹல்லாவில் தனித்து வாழும் முதியோர் யார், எவர் என்பதை இன்றே அறிந்து வைப்போமாக! அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.