சுங்கை பக்காப்: உள்ளூர் அரசியலும் வாக்களிப்புப் போக்கும்

சுங்கை பக்காப் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீபகற்பப் பகுதியான தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். இதே பெயரிலான சட்டமன்றத் தொகுதி நிபோங் திபால் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும். மலாய், சீன, இந்திய வாக்காளர்கள் கலந்து வாழும் இத்தொகுதி 2008, 2023 ஆகிய இரு தேர்தல்களில் அணி மாறியது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதி கரும்புத் தோட்டங்களால் வளர்ந்தது. தியோச்சூ சீனரான கீ லாய் ஹுவாட் இங்கே கரும்புத் தோட்டம் அமைத்தார். அண்டை வட்டாரங்களில் ஐரோப்பியர் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கரும்புக்குப் பின் ரப்பரும், அதற்குப் பின் செம்பனையும் வந்தன. தோட்டங்கள் சுருங்கியதும் தமிழர்களில் பலர் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2024இல் தொகுதியின் ஏறத்தாழ 39,000 வாக்காளர்களில் மலாய்க்காரர் 59 விழுக்காடு, சீனர் 23 விழுக்காடு, இந்தியர் 17 விழுக்காடு.

உள்ளாட்சி

மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன; 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. பினாங்கில் அவற்றை மீட்க மாநில அரசு 2012இல் கொண்டுவந்த சட்டம் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. சுங்கை பக்காப்பை நிர்வகிப்பது 2019இல் மாநகர் தகுதி பெற்ற செபராங் பிறை மாநகர் மன்றம். அதன் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே வடிகால், குப்பை, நெரிசல் போன்ற மன்றத்து விவகாரங்களிலும் மக்கள் தங்கள் மனநிலையைக் காட்டும் வாக்குச்சீட்டு சட்டமன்றத் தேர்தலுடையதே.

தேர்தல் வரலாறு

2004இல் பினாங்கு சட்டமன்றத்தின் 40 இடங்களில் அப்போதைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி 38ஐ வென்றது. சுங்கை பக்காப்பும் அவற்றில் ஒன்று. 2007 நவம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப் நடத்திய பேரணிக்குப் பின் இந்திய வாக்குகள் பெருமளவு எதிரணிக்குச் சாய்ந்தன. 2008இல் மாநில ஆட்சி மாறியபோது மக்கள் நீதிக் கட்சி (பிகேஆர்) இத்தொகுதியைக் கைப்பற்றியது. 2013இலும் 2018இலும் அதைத் தக்கவைத்துக்கொண்டது. 2018இல் மாநிலம் முழுவதும் மலாய் வாக்குகள் தேசிய முன்னணியின் அம்னோ, இஸ்லாமியக் கட்சியான பாஸ், பிகேஆர் எனப் பிரிந்தது அதற்கு உதவியது.

2023 ஆகஸ்டில் நடந்த மாநிலத் தேர்தலில் அம்னோ, பிகேஆர் அங்கம் வகிக்கும் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியுடன் கைகோத்துப் போட்டியிட்டது. ஆனால் அம்னோ ஆதரவாளர்களில் பலர் கூட்டணி வேட்பாளருக்கு வாக்களிக்கவில்லை. எதிரணிக் கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனல் சார்பில் நின்ற பாஸ் கட்சியின் நோர் ஸம்ரி லத்திப் 15,433 வாக்குகளும், பிகேஆரின் நூர்ஹிடாயா செ ரோஸ் 13,870 வாக்குகளும் பெற்றனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் நிபோங் திபால் நாடாளுமன்றத் தொகுதியை பிகேஆரின் பட்லினா சிடேக் வென்றிருந்தார்.

2024 இடைத்தேர்தல்

2024 மே மாதம் நோர் ஸம்ரி காலமானதால் ஜூலை 6 அன்று இடைத்தேர்தல் நடந்தது. பாஸின் அபிடின் இஸ்மாயில் 14,489 வாக்குகள் பெற்று, 10,222 வாக்குகள் பெற்ற பிகேஆரின் ஜொஹாரி அரிபினை வென்றார். வாக்குப்பதிவு 63 விழுக்காட்டை ஒட்டியிருந்தது.

2023உடன் ஒப்பிட்டால் இரு தரப்பும் வாக்குகளை இழந்தன. பாஸ் இழந்தது 944. பிகேஆர் இழந்தது 3,648. பெரும்பான்மை 1,563இலிருந்து 4,267ஆக உயர்ந்தது இந்த வேறுபாட்டால்தான். பாஸுக்குப் புதிய வாக்குகள் குவிந்ததால் அல்ல. சீன, இந்திய வாக்காளர்களில் பலர் வாக்குச்சாவடிக்கு வராததே பிகேஆரின் சரிவுக்கு முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. ஜூன் மாதம் டீசல் உதவித்தொகை குறைக்கப்பட்டதும் விலைவாசியும் பிரசாரத்தில் ஒலித்தன. மாநிலத்தின் பெரும்பகுதி குடிநீர் வடக்கே மூடா ஆற்றிலிருந்து வருவதால், தென்கோடியில் நிலவிய தண்ணீர்ச் சிக்கலும் பேசப்பட்டது.

தமிழ் வாக்காளர்கள்

எண்ணிக்கையில் தமிழர்களால் தனித்து வெற்றியைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் மலாய் வாக்குகள் ஒரு பக்கம் சாயும்போது, பக்காத்தான் வெல்ல அவர்கள் திரளாக வாக்களிப்பது தேவைப்படுகிறது. 2008இல் அண்டைத் தொகுதியான பத்து காவானில் அப்போதைய முதல்வர் கோ சூ கூனைத் தோற்கடித்தவரும், 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்தவருமான பி. ராமசாமி, பின்னர் பக்காத்தானைச் சேர்ந்த ஜனநாயக செயல் கட்சியிலிருந்து விலகி ‘உரிமை’ கட்சியைத் தொடங்கினார். இடைத்தேர்தலில் அக்கட்சி பக்காத்தானுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது.

விளைவு

இடைத்தேர்தல் முடிவு சட்டமன்றக் கணக்கை மாற்றவில்லை. 2023இல் அமைந்த, ஆளும் தரப்புக்கு 29, எதிரணிக்கு 11 என்ற நிலையே தொடர்ந்தது. முதல்வர் சௌ கொன் இயோவின் மாநில அரசுக்குப் பாதிப்பு நேரவில்லை.